தூக்கினான் பாரு

சாயங்காலம் காற்று திரும்பினால் கின்னஸ் கம்பெனியிலிருந்து வாசனை வரும். உங்களுக்குத் தெரியாததா. சுங்கை வேயில் வளர்ந்தவனுக்கு அது பீர் வாசனையே இல்லை. பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கஞ்சி கொதித்து, அடிப்பிடிக்கட்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற வாசனை. 1960களின் நடுவில்தான் அந்த ஆலை வந்தது என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது அது வானம் மாதிரி, எப்போதும் அங்கே இருக்கிற ஒன்று. அம்மா அந்த வாசனையை வைத்துத்தான் விளக்கேற்றுவார். நாங்கள் அந்த வாசனையை வைத்துத்தான் மணலுக்கு ஓடுவோம்.

மணல் என்றால் ஈயம் எடுத்துவிட்டுக் கொட்டிப் போன மணல். சீனி மாதிரி வெள்ளை. குட்டைகளின் ஓரத்தில் மேடு மேடாகக் கிடக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் வெதுவெதுப்பாக இருக்கும். குட்டைப் பக்கம் போகாதே என்று எல்லா வீட்டிலும் அடி விழுந்திருக்கிறது, எல்லாரும் போயிருக்கிறோம். எப்படி விழுந்தாலும் எலும்பு முறியாது என்பதுதான் அந்த மணலின் பெருமை. நான்கு கழியை நட்டு, லோரியில் சாமான் கட்டுகிற பழைய கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினால் குஸ்தி மேடை தயார். சதுர பிஸ்கட் டின்தான் மணி. ஒன்னு, ரெண்டு, மூனு என்று மணலைத் தட்டி எண்ணியதும் கரண்டியால் டின்னில் ஓங்கி அடிக்க ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாகக்கூட இருக்கலாம். அடித்தவர் முகம் நினைவில் இல்லை, சத்தம் இருக்கிறது.

2025 ஜூலையில் ஒருநாள் காலை, ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. குஸ்திக்காரர் ஹல்க் ஹோகன் இறந்துவிட்டார், வயது 71. ரொட்டி சானாய் தட்டில் ஆறுகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பையன்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் சொன்னேன்: "அண்ணே, ஹோகன் செத்துட்டாராம்." அவர் தே தாரிக்கை இழுத்த கையை நிறுத்தாமல் கேட்டார்: "யாரு, மோட்டார் பட்டறையில இருந்தாரே, அவரா?"

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்யில்லை. மணலில் எங்களுக்கு ஒரு ஹோகன் இருந்தான்.

அந்தக் காலத்தில் எங்களில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு பெயர். பள்ளியில் ஆசிரியர் கூப்பிடுவது ஒன்று, மணலில் கூப்பிடுவது ஒன்று. ஹோகன், வாரியர், அண்டர்டேக்கர், ஜேக் த ஸ்னேக். எதிர் வரிசைச் சீனப் பையன் பிரெட் ஹார்ட். அவன்தான் கண்ணாடி போட்டிருந்தான், பிரெட் ஹார்ட்டும் மேடைக்கு வரும்போது கண்ணாடி போட்டிருப்பாரில்லையா. ஆந்த்ரே என்று ஒருவன், உடம்புக்காக. எனக்கு யார் பெயரும் கிடைக்கவில்லை. நான் நடுவர்.

குஸ்திக் கேசட் வாடகைக்கு எடுப்பது பெரிய திருவிழா. ஆளுக்கு முப்பது காசு, நாற்பது காசு சேர்த்து வீடியோ கடைக்குப் போவோம். ஒரு கேசட் ஒரு ராத்திரிதான். அந்த ஒரு ராத்திரிக்குள் முக்கியமான இடத்தை மட்டும் இருபது தடவை பின்னால் ஓட்டிப் பார்த்துவிடுவோம். அந்த இடத்தில் மட்டும் படத்தில் கோடு கோடாக விழும். கடைக்காரர் திட்டுவார், மற்ற தெருப் பிள்ளைகளும் அதே இடத்தைத்தான் தேய்த்திருப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஒரு கேசட்டில் எங்கே கோடு அதிகமோ அங்கேதான் அந்த ஆளின் பேர்போன அடி இருக்கிறது.

ஹோகனுக்கு அது காலடி. எதிராளி மல்லாந்து கிடப்பான். இவர் கயிற்றில் மோதி ஓடி வந்து, எகிறி, ஒரு காலை நீட்டி அவன் கழுத்தின் மேல் உட்காருவார். சொல்லப்போனால் அது ஒன்றுமே இல்லை. அதற்கு முன்னால் நடப்பதுதான் எல்லாம். அடி வாங்கி வாங்கிச் சாயப் போகிறவருக்குத் திடீரென்று உடம்பு உதறும். எதிராளி குத்துவான், வலிக்காது. விரலை நீட்டி ஆட்டுவார். மூன்று குத்து, கயிற்றில் தள்ளி முகத்துக்கு நேரே ஒரு பூட்ஸ், பிறகு காலடி. முடிந்ததும் கையைக் காதருகே வைத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்பார். மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவருக்கு உடுக்கைச் சத்தம் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்குமே, அதே கணக்கு.

பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது, அந்த மனிதருக்கு வேறு பிடிகளும் தெரியாமலில்லை. ஜப்பானில் ஆடிய காலத்தில் தரையில் புரண்டு மடக்கும் பிடியெல்லாம் போட்டிருக்கிறார். அங்கே அவருடைய முடிவு அடி காலே இல்லை, முழங்கையை மடித்து ஓடி வந்து அறைவது. அதற்குக் கோடாலி என்று பேர் வைத்திருந்தார்கள். 1983இல் அந்த ஊர் நாயகன் இனோக்கியையே அதில் சாய்த்தார். (கோடாலி என்றதும் எனக்குத் தைல வாசனை வந்துவிடுகிறது. மணலிலிருந்து திரும்பிய முதுகுகளுக்கெல்லாம் கோடாலித் தைலம்தான்.) அமெரிக்காவுக்குத் திரும்பியதும் பிடிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். மிஞ்சியது நாலு அசைவு. அந்த நாலை வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார். ராத்திரிக்கு ராத்திரி இடுப்பெலும்பு தரையில் அடிபட விழுந்த பலன், பிற்காலத்தில் முதுகும் இடுப்பும் முழங்காலும் மாறி மாறி அறுவைக்குப் போயின.

1987 மார்ச் 29. மூன்றாவது ரெஸில்மேனியா. டெட்ராய்ட் பக்கத்து மைதானத்தில் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். ஆந்த்ரேயை ஹோகன் தூக்கிப் போட்ட அன்று. எங்கள் கைக்குக் கேசட் வந்து சேர இரண்டு வருஷம் ஆகியிருக்கும், ஆனாலும் எங்களுக்கு அது நேற்று ராத்திரிதான் நடந்தது. தூக்கிய இடத்தில் வீடே எழுந்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. சுருட்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"இதெல்லாம் ஒரு தூக்கா? தாராசிங் கிங்காங்கை தூக்கினான் பாரு…"

பெரியப்பா சீபோர்ட் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் துண்டுபட்டு வீடுகள் எழும்பத் தொடங்கியதும் எங்கள் பக்கம் வந்துவிட்டார். இளவட்டமாக இருந்தபோது தோட்டத்திலிருந்து லோரி பிடித்துக் கோலாலம்பூருக்குக் குஸ்தி பார்க்கப் போனாராம். எந்த இடத்தில் பார்த்தார் என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும். ஒருநாள் பிபி பார்க் என்பார், ஒருநாள் சின் வூ என்பார், மழை பெய்தால் சிங்கப்பூர் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். பிபி பார்க்கை 1970களில் இடித்துவிட்டு அங்கே சுங்கை வாங் பிளாசா கட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்து உறுதிப்படுத்தவும் வழியில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கதை ரொம்ப நீளம். லோரி பழுதானது, டிக்கெட் வாங்கக் கங்காணியிடம் கடன் கேட்டது, கூட்டத்தில் யாரோ கச்சாங் பொட்டலத்தைத் தட்டிவிட்டது என்று போகும். கடைசியில்தான் தூக்கு. அதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிடுவார். நாங்கள் பாதியில் தூங்கியிருக்கிறோம். வருஷம் போகப் போக லோரி போய்விட்டது. கங்காணி போய்விட்டார். கச்சாங் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, அதுவும் போயிற்று. மாறாக, "தூக்கினான் பாரு" என்ற இடத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையை வானத்துக்குத் திருப்பி, அப்படியே நிற்பார். ஒரு சுருட்டு இழுப்பு நேரம். நாங்கள் மேலே பார்ப்போம். கூரைத் தகரத்துக்கும் அவர் கைக்கும் நடுவில் கிங்காங் கிடப்பார். கிங்காங்கின் எடையும் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு எட்டு வயதில் 400 ராத்தல், பன்னிரண்டு வயதில் 450, கடைசியில் 500.

ஃபெடரல் ஹைவே ஓரத்து மோட்டார் பாதையில் தன் கப்சாயில் என்னைப் பின்னால் உட்காரவைத்துப் போகும்போதும் அதே கதைதான். காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும். சந்திப்புகளுக்கு அடியில் அந்தக் குகைப் பாதை வருமே, அதில் நுழையும்போது சரியாக "தூக்கினான் பாரு!" என்று கத்துவார். குகை இன்னொரு தடவை சொல்லும். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் மிச்சக் கதை.

பெரியப்பா சொன்னதில் உப்புப் பெறாதது எவ்வளவு என்று பெரியவனான பிறகு தேடிப் பார்த்தேன். அதிகமில்லை. 1928இல் பஞ்சாபில் பிறந்த தாராசிங் 1940களின் கடைசியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூருக்கு வந்தவர். அங்கே பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை. கிரேட் வேர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி. நம் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்றுதான் மலேயாவின் சாம்பியன் என்ற பட்டம் வாங்கினார். பம்பாய், ராமாயணத் தொடரில் அனுமார் வேஷம் எல்லாம் அப்புறம். கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர், 200 கிலோவுக்குப் பக்கத்தில் எடை. சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார். 1970இல் நம் நாட்டுச் சாலையில் கார் விபத்தில் அடிபட்டு அதோடு போனார். இரண்டு பேரும் இந்தியாவிலும் இந்தப் பக்கத்திலுமாக எத்தனையோ தடவை மோதியிருக்கிறார்கள். அந்த உடம்பைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றியதும் நடந்ததுதான். தமிழ்நாட்டிலும் இங்கேயும் கொஞ்சம் உடம்பு போட்ட பையனைப் பார்த்தால் இன்றும் பெரியவர்கள் தாராசிங் என்பதற்கு அந்தச் சுழற்றல்தான் காரணம்.

அப்படித் தூக்கும் ரகசியத்தை எனக்குச் சொன்னது எங்கள் ஆந்த்ரே. மணலில் எங்கள் ஹோகனால் அவனைத் தூக்கவே முடியவில்லை. வாரக்கணக்கில் முயன்றான். முகம் சிவக்கும், கால் மணலில் முழங்கால் வரை புதையும், ஆந்த்ரே அசையமாட்டான். ஒருநாள் ஆந்த்ரேயே பொறுக்கமாட்டாமல் அவன் காதில் சொன்னான்: "டேய், நான் குதிச்சாதான்டா நீ தூக்குவ." அடுத்த தடவை தூக்கினான். நான் நடுவர், பக்கத்தில் நின்றேன், எனக்கு மட்டும் கேட்டது. தூக்குகிறவன் பாதி, தூக்கப்படுகிறவன் பாதி. கிங்காங்கும் எத்தனையோ ராத்திரி சரியான நேரத்தில் குதித்திருப்பார். பெரியப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுருட்டு அணைந்திருக்கும்.

அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "எல்லாம் நாடகம்டா." நாடகம்தான். நாடகம் என்றால் சும்மாவா? தினமும் ஒரே ஆளை ஒரே மாதிரி விழவைத்து, தினமும் புதுசாகத் தோன்றவைத்து, மறுநாள் அவன் வேலைக்கு வர வேண்டுமே.

சில அடிகள் தவறிப் பிறந்தவை. ஜேக் ராபர்ட்ஸ் எதிராளியின் தலையைக் கக்கத்தில் அமுக்கிப் பிடித்திருந்தபோது அவன் தெரியாமல் இவர் காலை மிதித்துவிட்டான். இவர் பின்னால் விழுந்தார், அவன் தலை தரையில் இடித்தது. கூட்டம் அலறியது. இதென்ன, விழுந்ததற்கு இவ்வளவு சத்தமா என்று யோசித்து, அதையே வேண்டுமென்று விழக் கற்றுக்கொண்டார். டிடிடி என்று பேர் வைத்தார். அந்தப் பேரைக் கேட்டு அமெரிக்கப் பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ. எங்கள் வீட்டில் பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். 1967இல் மலேரியா ஒழிப்பு தொடங்கிய பிறகு தோட்டத்து லயங்களில் சட்டி பானையையெல்லாம் வெளியே எடுத்துவைக்கச் சொல்லி, சுவரெல்லாம் டிடிடி அடித்துவிட்டுப் போவார்களாம். வெள்ளை வெள்ளையாகச் சுவரில் காய்ந்திருக்குமாம். வாசனை போக நாளாகுமாம். "அதை அடிச்சா கொசுவே சாகும், இவன் எம்மாத்திரம்" என்று பெரியம்மா ஒத்துக்கொண்டார். குஸ்தியில் அவருக்கு நம்பிக்கை வந்தது அந்த ஒரு அடியில்தான்.

ராபர்ட்ஸ் அதை எப்படி மெருகேற்றினார் என்பதைக் கேசட்டில் கோடு விழுந்த இடத்திலேயே பார்க்கலாம். முதலில் ஒரு கையைத் தூக்கி விரலைச் சுழற்றிக் காட்டுவார். கூட்டத்துக்கு இப்போது தெரியும், எதிராளிக்கு மட்டும்தான் தெரியாது. அந்த விரல் சுழல்வதற்கும் தலை இடிப்பதற்கும் நடுவில் இருக்கிற நேரத்தை வருஷத்துக்கு வருஷம் இழுத்துக்கொண்டே போனார்.

ஷான் மைக்கேல்ஸின் உதையும் அப்படித்தான். தாடையில் பக்கவாட்டில் விழுகிற உதை. முதலில் அது முடிவே அல்ல, இன்னொரு பிடிக்கு முன்னால் வந்துபோகிற எடுபிடி. அவருக்கு முன்னால் கிறிஸ் ஆடம்ஸ் போன்றவர்கள் உதைத்ததுதான். பிறகு மெல்ல அது முடிவு ஆயிற்று. பிறகு மூலைக்குப் போய் நின்றுகொண்டு காலால் தரையை உதைக்கத் தொடங்கினார். தம், தம், தம். மிருதங்கக்காரர் சுருதி பார்ப்பதுபோல. கூட்டமும் கூடவே மிதிக்கும். எதிராளி தள்ளாடி எழுந்து, திரும்பி, முகத்தைக் கொண்டுவந்து காலில் வைப்பான். உதைக்கு ஒரு விநாடி, மிதிப்புக்கு அரை நிமிஷம். ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதற்கு நாம் கோலிசியத்தில் விசிலடித்தோமே, வாயில் விழுந்த பிறகா அடித்தோம்? காற்றில் இருக்கும்போதுதானே.

ஒருவர் அடி இன்னொருவர் கைக்குப் போவதும் உண்டு. ஜானி ஏஸ் செய்ததை டைமண்ட் டல்லஸ் பேஜ் எடுத்தார், அதை ரண்டி ஆர்டன் எடுத்துப் பாம்பு மாதிரி எங்கிருந்து வேண்டுமானாலும் பாயும்படி செய்தார். பிரெட் ஹார்ட் இரண்டு காலையும் பின்னி ஆளைக் குப்புறத் திருப்பி உட்காரும் பிடி ஜப்பானில் ரிகி சோஷு போட்டது. 1991 சம்மர்ஸ்லாமில் அதை வைத்துத்தான் அவர் பட்டம் வாங்கினார். 1997 நவம்பரில் மாண்ட்ரியலில் அதே பிடியை அவர் மேலேயே போட்டு, அவர் தோற்றதாக ஒப்புக்கொள்ளாதபோதே மணியை அடித்துவிட்டார்கள். அந்த ராத்திரி எங்கள் சீனப் பிரெட் ஹார்ட் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போனான். எங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. மணல் ஏற்கெனவே இல்லை.

அந்தப் பிடியை எங்கள் பக்கத்தில் உண்மையாகவே சரியாகப் போடத் தெரிந்த ஆள் யார் தெரியுமா? என் அக்கா. பெண் பிள்ளைகளை மணலுக்குச் சேர்ப்பதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பாள், எங்களைக் கூப்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு. வீட்டில் பஞ்சு மெத்தையில் எங்கள் இரண்டு காலையும் பின்னி, திருப்பி, உட்கார்ந்துவிட்டால் அம்மா வந்துதான் பிரிக்க வேண்டும். "இடுப்பைத் தாழ்த்தணும்டா, கையால இழுக்கறதில்ல" என்பாள். இதை எங்கே கற்றுக்கொண்டாள்? எங்களோடு அதே கேசட்டைத்தான் பார்த்தாள், ஆனால் நாங்கள் முகத்தைப் பார்த்தபோது அவள் இடுப்பைப் பார்த்திருக்கிறாள். பதினேழு வயதில் பக்கத்து வர்த்தக வலயத்தில் ஒரு மின்னணுப் பேக்டரியில் சேர்ந்தாள். விடிவதற்குள் பேக்டரி பஸ், பூதக்கண்ணாடிக்குக் கீழே முடிபோன்ற கம்பிகள். அதோடு மெத்தைக்கு விடுமுறை.

2019 ஜூலையில் நோர் டயானா என்ற பெண், தலையில் துடோங் கட்டிக்கொண்டு, ஃபீனிக்ஸ் என்ற பெயரில் மேடையேறி, நான்கு ஆண்களைத் தாண்டிப் பட்டம் வாங்கிய செய்தி வந்தது. நம் நாட்டிலேயே, நம் பிள்ளைகளே நடத்திய மலேசியா புரோ ரெஸ்லிங்கில். அக்காவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது: "முட்டி வலிக்குதுடா, தைலம் வாங்கி வா."

அண்டர்டேக்கரைச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். 1990 நவம்பர் 22, முதல்முதலாக வந்தபோது செத்தவர் நடப்பதுபோல் நடந்தார், அடித்தால் வலிக்காது. எதிராளியைத் தலைகீழாகக் கட்டிப் பிடித்து, அப்படியே முழங்காலிட்டு அமருவார். கல்லறைக் கல் என்று பேர். முடிந்ததும் விழுந்தவனின் இரண்டு கையையும் எடுத்து நெஞ்சின் மேல் மடித்துவைப்பார். நம் வீட்டில் கூடத்தில் கிடத்தியவருக்குச் செய்வோமே, அதே மாதிரி. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. கயிற்றின் மேல் நடந்துவந்து அடிப்பதை டான் ஜார்டைனிடம் கற்றார். 2000இல் மோட்டார் சைக்கிளில் வந்து வேறோர் அடியை முடிவாக்கினார், நான்கு வருஷத்தில் கல்லறைக்கே திரும்பினார். வயதான பிறகு, தரையில் படுத்தபடியே கழுத்தை நெரிக்கும் பிடி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். ஓட வேண்டாம், தூக்க வேண்டாம். சரியாக முப்பது வருஷம் கழித்து, 2020இல் அதே நவம்பர் 22 அன்று விடைபெற்றார்.

அந்தக் கல்லறையில் தலை தரையைத் தொடக் கூடாது. தொடையிடுக்கில் தலை கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், முழங்கால்தான் தரையை வாங்க வேண்டும். அந்த இரண்டு விரல் இடைவெளியில்தான் மொத்தத் தொழிலும். 1997 ஆகஸ்டில் ஓவன் ஹார்ட் அதேபோன்ற ஓர் அடியில் அந்த இடைவெளியைத் தவறவிட, ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து போயிற்று. பிறகு அவர் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார், பிடிகள் குறைந்து குத்தும் மிதியும் கூடின. ஊர் உலகம் அவரை உச்சத்தில் வைத்துக் கொண்டாடியது அதற்கப்புறம்தான்.

மணலில் எங்கள் அண்டர்டேக்கருக்கும் இடைவெளி தெரியாது. ஜேக் த ஸ்னேக்கைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்தான். டின் அடிக்கப்பட்டது. ஜேக் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் கை மடித்து வைத்திருந்தான், நாங்கள் அருமையாக நடிக்கிறான் என்று கை தட்டினோம். கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினோம். சுளுக்கு எடுக்கிற மலாய்ப் பாட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாட்டி தேங்காயெண்ணெய் தடவி, ஏதோ ஓதி, வலது பக்கம் ஒரு திருப்பு. சரியாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் அவன் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பமாட்டான், உடம்போடு திரும்புவான். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முதுகு காட்டி நின்றிருந்தபோதே அடையாளம் தெரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்துக் குட்டைகளும் மணலும் இப்போது சன்வே. சுங்கை வே என்ற பேரிலிருந்து எடுத்த பேர்தான் அது, 1974இல் ஈயக் கம்பெனியாகத் தொடங்கியது. தண்ணீர்ப் பூங்காவில் பிள்ளைகளுக்காக மணல் போட்டிருக்கிறார்கள். தங்கை மகனைக் கூட்டிப்போனபோது காலால் கிளறிப் பார்த்தேன். அது வேறு மணல்.

அவனுக்கும் குஸ்தி பிடிக்கும். கைப்பேசியில் பார்க்கிறான். பழைய ஆட்களைக்கூட எனக்குக் காட்டுகிறான், மைக்கேல்ஸ் உதைப்பதைக் காட்டினான். திரை வெளிச்சமானது, உதை விழுந்தது, முடிந்தது. அடுத்தவர் வந்துவிட்டார். "மிதிக்கிறது எங்கடா?" என்றேன். "எது மாமா?" என்றான். நான் எழுந்து நின்று கூடத்தில் மிதித்துக் காட்டினேன். தம், தம், தம். கீழ்வீட்டில் ஏதோ சொன்னார்கள். அவன் சிரித்தான். நான் உதைக்கவில்லை, இடுப்பு தாங்காது.

பெரியப்பா கடைசி நாட்களில் டேசா மெந்தாரி அடுக்குமாடியில் இருந்தார். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. பார்க்கப் போகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல், கீழே சாலை இரைகிறது. என்னைக் கண்டதும் வலது கையைத் தூக்குகிறார். உள்ளங்கை மேலே பார்க்கிறது. பெரியம்மா காற்றாடியைக் கூட்டுகிறார். இல்லை என்கிறார். தண்ணீர் கொடுக்கிறார். இல்லை. போர்வையை விலக்குகிறார். கை அப்படியே நிற்கிறது, நடுங்குகிறது.

நான் மற்றப் பக்கம் போய் இடது கையை முழங்கைக்குக் கீழே பிடித்து மெதுவாக உயர்த்தினேன். கனமாக இருந்தது. பாதிக்குமேல் லேசாயிற்று. இரண்டு உள்ளங்கையும் தலைக்கு மேலே வந்ததும் நிறுத்தினார். நானும் நின்றேன். அவர் மேலே பார்த்தார், நானும் பார்த்தேன். ஒரு சுருட்டு இழுப்பு நேரம். ஜன்னல் வழியாகக் கஞ்சி வாசனை வந்தது. பெரியம்மா விளக்கேற்ற எழுந்தார்.